உதிர்ந்த இலைகளும் 32 எண்ணிக்கையும்

போன வாரம் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வழக்கமான பெஞ்சில் நாங்கள் மூன்று கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கம் ஒரு உணவு விடுதியில் யாரோ ஒரு இளைஞன் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் மெட்டு பிடிபட்டது. நாங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்ட 'லே ஃபேய் மோர்த்'. உதிர்ந்து செத்த இலைகள் என்று பொருள். உலகம் அதை ஆங்கிலப் பெயரில் 'ஆட்டம் லீவ்ஸ்' என்று அறியும். பையன் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிட்டான்.

என்னோடு பிரெஞ்சு வழியில் படித்த நண்பர் முகத்தைச் சுளித்தார். "பாருய்யா, மோந்தான் பாடின பாட்டை என்ன பாடு படுத்தறான். கண்டபடி ஊதறான். இந்த அமெரிக்கன்தான் கெடுத்தான் எல்லாத்தையும்."

இன்னொருவர் சபா ரசிகர். மார்கழி முழுக்கச் சென்னையில் இருப்பவர். அவர் சிரித்தார். "இதுல என்ன சார் இருக்கு? நம்ம மனோதர்மம்தான் இது. நாம என்னைக்கோ பண்ணி முடிச்சாச்சு. இப்பத்தான் அவன் வர்றான்."

நான் அன்று வாயைத் திறக்கவில்லை. பெஞ்சில் சண்டை போட்டால் மறுநாள் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. ஒருவர் திட்டினார், இன்னொருவர் தட்டிக்கொடுத்தார். இரண்டு பேருமே கேட்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. முதல் நண்பர் சொன்னதை நாற்பது வருடம் நானே சொல்லிக்கொண்டிருந்தவன். அதற்கு நான் கொடுத்த விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் 'கெடுத்தான்' என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். கெடுப்பதற்கு முன் அந்தப் பாட்டு யாருடையதாக இருந்தது? மெட்டுப் போட்டவர் ஜோசப் கோஸ்மா. 1905-இல் புடாபெஸ்ட்டில் பிறந்த ஹங்கேரி நாட்டு யூதர். 1933-இல் பாரிசுக்கு வந்தவர். ஜெர்மானியர் பிரான்சை ஆண்ட காலத்தில் இசையமைக்கத் தடை விதிக்கப்பட்டு, தன் பெயர் வெளியே வராமல் ஒளிந்து வேலை செய்தவர். 1945-இல் ரோலான் பெத்தியின் 'ல ராந்தேவு' என்ற பாலே நாட்டியத்துக்கு அவர் இசை எழுதினார். இந்த மெட்டு அதிலிருந்து வந்தது. அப்போது அதற்கு வார்த்தையே கிடையாது. பிறகுதான் கவிஞர் ழாக் ப்ரெவேர் வரிகள் எழுத, 1946-இல் மர்செல் கர்னேயின் 'லே போர்த் த லா நுயி' திரைப்படத்தில் அது பாட்டாக வந்தது. படத்தில் நடித்த இவ் மோந்தான் பின்னாளில் அதைத் தன் சொந்தப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டார். அந்த மோந்தானும் 1921-இல் இத்தாலியில் இவோ லிவி என்ற பெயரில் பிறந்தவர்.

ஆக, நாட்டியத்துக்கு வந்த மெட்டு பாட்டானது. ஹங்கேரிக்காரர் மெட்டுக்குப் பிரெஞ்சுக் கவிதை வந்து சேர்ந்தது. அதை இத்தாலியில் பிறந்தவர் பாடினார். இவ்வளவு மாறியதையும் 'அசல்' என்று ஏற்றுக்கொண்டோம். ஜானி மெர்சர் ஆங்கில வரி எழுதி, அமெரிக்கக் கறுப்பர் அதை சாக்ஸபோனில் எடுத்ததும் 'கெட்டுப்போச்சு' என்கிறோம். நாலாவது கை பட்டபோது மட்டும் தீட்டு வந்துவிட்டதா?

நண்பர் பக்கம் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். பிரெஞ்சுப் பாட்டில் முதலில் கதை சொல்வதுபோல் வரும் பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பல்லவி. ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் அந்த முன்பகுதியை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ப்ரெவேரின் வார்த்தைகளை நேசிக்கிறவனுக்கு அது நஷ்டம்தான். ஆனால் வார்த்தை போனது என்பது வேறு. கண்டபடி ஊதுகிறான் என்பது வேறு. முதலாவது உண்மை. இரண்டாவது பொய். ஏன் பொய் என்று இனி சொல்கிறேன்.

நாங்கள் பள்ளியில் கற்ற தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்ற சுரப்பெயர்களிலேயே சொல்கிறேன். நம் ச ரி க ம போல அங்கே தோ எங்கும் நகராது. அது பியானோவில் ஒரு குறிப்பிட்ட கட்டை, அவ்வளவுதான். மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் வருவது கார்ட். பிரெஞ்சில் அதை 'அக்கோர்' என்போம். உடன்படிக்கைக்கும் அதே சொல்தான். என்னைப்போல் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவனுக்கு அது பொருத்தமான சொல்லாகவே படுகிறது.

இந்தப் பாட்டில் நான்கு எண்ணிக்கை கொண்ட கட்டங்கள் 32. முதல் எட்டும் அடுத்த எட்டும் ஒன்றே. மூன்றாவது எட்டு வேறு. நான்காவது எட்டு வீடு திரும்புவது. முதல் எட்டைப் பாருங்கள். ஜாஸ்காரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் சுருதியில், கார்டுகளின் அடிச்சுரம் இப்படிப் போகும்: தோ, ஃபா, சி பெமோல், மி பெமோல், லா, ரே, சோல். பெமோல் என்றால் அரைச்சுரம் கீழே. ஒவ்வொன்றும் முன்னதிலிருந்து எண்ணினால் நான்காவது சுரம். நந்நான்காகத் தாவி, சுர வரிசையில் உள்ள ஏழு சுரங்களையும் ஒருமுறை தொட்டுவிட்டு சோல் என்ற வீட்டில் வந்து உட்காரும். ஒரு சுரமும் விடுபடாது, ஒன்றும் இரண்டுமுறை வராது.

இந்த ஏழில் இரண்டு இறங்குமிடங்கள் உண்டு. தோ, ஃபா என்று போய் சி பெமோலில் இறங்கும்போது வெளிச்சமாக இருக்கும். அது மேஜர். லா, ரே என்று போய் சோலில் இறங்கும்போது முகம் வாடும். அது மைனர். சிரிப்பும் வாட்டமும் எட்டுக் கட்டத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாவது எட்டில் இந்த வரிசை தலைகீழ். வாட்டம் முதலில் வரும், வெளிச்சம் பிறகு வரும். கடைசி எட்டில் மறுபடி வாட்டத்தோடு சோலுக்கு வந்து முடியும். இந்தப் பாட்டு ஏன் மனசைப் பிசைகிறது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

மீதிப் பாதி இன்னும் அழகு. ஒவ்வொரு கார்டிலும் அடிச்சுரத்திலிருந்து மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும்தான் அதன் குணத்தைச் சொல்பவை. அவற்றை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தேன், பழைய லெட்ஜரில் இரண்டு பத்தி போடுவதுபோல. ஒரு பத்தியில் மி பெமோல், ரே, தோ, சி பெமோல் என்று இறங்குகிறது. மறு பத்தியில் சி பெமோல், லா, சோல், ஃபா தியேஸ் என்று இறங்குகிறது. தியேஸ் என்றால் அரைச்சுரம் மேலே. ஒரு பத்தி அசையாமல் நிற்கும்போது மற்றது ஒரு படி இறங்கும். இதுவும் அதுவும் மாறி மாறி, ஒவ்வொரு படியாக. மெட்டில் நீட்டிப் பாடுகிற சுரங்களும் அந்த முதல் பத்திதான்: மி பெமோல், ரே, தோ, சி பெமோல். மூன்று படி ஏறி, ஒரு தாவு தாவி, நிற்கும். அடுத்தமுறை ஒரு படி கீழே நிற்கும். அதற்கடுத்த முறை இன்னும் ஒரு படி கீழே. வார்த்தையை எடுத்துவிட்டாலும் இலை விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கோஸ்மா அதை கார்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

இப்போது அந்த சாக்ஸபோன் பையனுக்கு வருவோம். மெட்டை விட்டபிறகு அவன் எதை வாசிக்கிறான்? இந்த 32 கட்டங்களைத்தான். பக்கத்தில் பியானோவோ கிட்டாரோ அதே கார்டுகளை அதே வரிசையில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கும். 32 முடிந்தால் மறுபடி ஒன்று. அவன் இஷ்டம் என்பது அந்த வரிசைக்குள்தான். ஆறாவது கட்டத்தில் ரே கார்ட் வந்தால் ஃபா தியேஸ் அங்கே காத்திருக்கிறது. அது சோலுக்குப் போகத் துடிக்கும். அவன் அதைத் தொடலாம், சுற்றி வரலாம், தள்ளிப்போடலாம். ஆனால் அது அங்கே இருப்பதை மறந்துவிட்டு வாசித்தால், காது பழகியவன் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

இது நமக்குப் புரியாத சங்கதி அல்ல. விதி ஒன்றுதான். அதே விதியை வைத்து நான் எழுதிய குறிப்பும் பக்கத்து மேஜைக்காரர் எழுதிய குறிப்பும் ஒன்றாக இருந்ததில்லை. விதியைத் தெரிந்தவன் எழுதிய குறிப்பு எது, தெரியாதவன் எழுதியது எது என்று மேலதிகாரிக்கு இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

சாட்சி வேண்டுமென்றால் இரண்டு இசைத்தட்டுகள் போதும். ஒன்று, 1958 மார்ச்சில் பதிவான கேனன்பால் ஆடர்லியின் 'சம்திங் எல்ஸ்'. அதில் இந்தப் பாட்டு ஏறக்குறைய பதினொரு நிமிடம். மைல்ஸ் டேவிஸ் அடைப்பு போட்ட ட்ரம்பெட்டில் மெட்டை ஒரு சுரம்கூட வீணாக்காமல் வாசிக்கிறார். பிறகு ஆடர்லி சாக்ஸபோனில் வாரி இறைக்கிறார். இரண்டு பேர் குணமும் எதிர் எதிர். நடக்கிற பாதை ஒன்று.

இன்னொன்று, 1959 டிசம்பரில் பில் எவன்ஸ் என்ற பியானோக்காரர், ஸ்காட் லஃபாரோ என்ற பேஸ் வாசிப்பவரோடும், பால் மோஷன் என்ற டிரம்ஸ்காரரோடும் பதிவு செய்தது. மெட்டு முடிந்ததும் பேஸும் பியானோவும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்ளும். சில இடத்தில் யாரும் தாளத்தை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்று பேருக்கும் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியும். அன்றைய பதிவில் இந்தப் பாட்டுக்கு இரண்டு வாசிப்புகள் இப்போது கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சுரங்கள் வேறு வேறு. இறங்குமிடங்கள் ஒன்றே. கண்டபடி வாசிப்பவர்களுக்கு இது எப்படிச் சாத்தியம்? அந்த லஃபாரோ 1961-இல் தன் 25-ஆவது வயதில் கார் விபத்தில் போய்விட்டார். அந்த வயதில் எனக்கு நோட் ஷீட் ஒழுங்காக எழுத வராது.

இனி சபா ரசிகருக்கு. "நம்ம மனோதர்மம்தான் இது" என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இசை மேடைகளில் இதைச் சொன்னால் கைதட்டு கிடைக்கும். ஆனால் இது பாராட்டுபோல் வேஷம் போட்ட சோம்பேறித்தனம். 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க வேண்டிய வேலை இல்லை.

எங்கே ஒன்று, எங்கே வேறு என்று பார்ப்போம். இலக்கணத்துக்குள் நின்று அந்த நிமிடத்தில் கற்பனை செய்வது, அது ஒன்றுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கச்சேரியில் தம்புரா மாறாது. ஆதார ஷட்ஜம் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே இடத்தில் நிற்கும். பாடகர் ராகத்துக்குள் ஆழமாக ஆழமாகப் போவார். காந்தாரம் என்றால் அது அந்த ராகத்தின் காந்தாரம். ஜாஸில் காலடியில் இருக்கும் தரையே கட்டத்துக்குக் கட்டம் நகர்கிறது. அதே மி பெமோலை எடுத்துக்கொள்ளுங்கள். தோ கார்டின் மேல் அது மூன்றாவது சுரம், நிம்மதியாக இருக்கும். அடுத்த கட்டத்தில் ஃபா கார்டின் மேல் அதுவே ஏழாவது சுரம், இறங்கத் துடிக்கும். அதற்கடுத்து சி பெமோல் கார்டின் மேல் நான்காவது, ஒட்டாமல் நிற்கும். நான்காவது கட்டத்தில் அதுவே அடிச்சுரம், முதலாளி. சுரம் அசையவில்லை, அதன் உத்தியோகம் நான்குமுறை மாறிவிட்டது. வாசிப்பவன் இதை ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கு வைத்துக்கொண்டே கற்பனை செய்ய வேண்டும்.

ரசிகரின் பாஷையிலேயே சொல்கிறேன். சோலை ஷட்ஜமாக வைத்தால் இந்தப் பாட்டின் சுரங்கள் நடபைரவி. ரே கார்ட் வந்து ஃபா தியேஸ் ஒலிக்கும் இடத்தில் நிஷாதம் மாறிக் கீரவாணியின் சாயல். அதே நடபைரவியின் காந்தாரத்தை, அதாவது சி பெமோலை, ஷட்ஜமாகக் கொண்டால் சங்கராபரணம். முதல் எட்டுக் கட்டங்கள் சங்கராபரணத்தில் ஒருமுறை இறங்கி, கீரவாணியில் ஒருமுறை இறங்குகின்றன. நம் வித்வான்கள் ராக ஆலாபனையில் எப்போதாவது கிரக பேதம் செய்து காட்டுவார்கள். சபை நிமிர்ந்து உட்காரும், உடனே பழைய ஷட்ஜத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இங்கே அந்த நகர்வுதான் பாட்டின் அன்றாடப் பிழைப்பு. மறுபக்கம், நம் கமகத்தில் ஒரே சுரத்துக்குள் நடக்கும் நுணுக்கத்தை இந்தப் பாதை கொடுக்காது. அது வேறு ஊர், இது வேறு ஊர். இரண்டும் ஒன்று என்பவர் இரண்டு ஊருக்கும் போனதில்லை என்றுதான் நான் சொல்வேன்.

"எழுபது வயசுக்கு மேல இதெல்லாம் எதுக்குய்யா" என்று யாராவது கேட்பீர்கள். அதற்குத்தான் விலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். 1962-இல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்து, சொல்தாவாகப் போனார். நான் இங்கேயே நின்று அரசு எழுத்தரானேன். எண்பதுகளின் தொடக்கத்தில், லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கு ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். உறையில் தன் கையெழுத்தில் 'லே ஃபேய் மோர்த்' என்று எழுதியிருந்தார். மோந்தான் குரலை எதிர்பார்த்துப் போட்டேன். முதலில் என்னவோ ஒரு முன்வாசிப்பு, பாட்டே வரவில்லை. பிறகு ஒரு ட்ரம்பெட் மெட்டை வாசித்தது. பிறகு சாக்ஸபோன் 'கண்டபடி' கிளம்பியது. ஆமாம், அதே ஆடர்லிதான்.

அண்ணனுக்குப் பதில் எழுதினேன்: "பிரான்சில் இருந்துகொண்டு நம் பாட்டை அமெரிக்கனிடம் கேட்கும்படி ஆகிவிட்டதா?" நக்கல்தான். அவர் பதில் கடிதத்தில் ஒரு வரி மட்டும் இதைப்பற்றி எழுதினார். "தம்பி, மனசுக்குள் மெட்டைப் பாடிக்கொண்டே 32 எண்ணிக் கேள்." 32 என்னவென்று எனக்குப் புரியவில்லை. கேட்டு எழுதவும் இல்லை. அந்தக் காலத்தில் கேசட் கிடைப்பது அருமை. கொஞ்ச நாளில் வானொலியில் வந்த ஒரு நாதஸ்வரக் கச்சேரியை அதன்மேல் பதிவு செய்துகொண்டேன். அடுத்தமுறை ஊருக்கு வந்தபோது "கேட்டியா?" என்றார். "கேட்டேன்" என்று பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, எந்த இடம் பிடித்தது என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு இசையைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நாங்கள் சண்டை போடவில்லை. ஆனால் வீடு, பென்ஷன், யார் யார் செத்தார்கள் என்பதைத் தவிர எங்களுக்குப் பேச எதுவும் இல்லாமல் போனது. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

மூன்று வருடத்துக்கு முன் கீபோர்டு கற்றுக்கொள்ளும் என் பேத்தி, கைபேசியில் அதே வாசிப்பைப் போட்டாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் சொன்னாள், "தாத்தா, சும்மா திட்டாதீங்க. பாட்டை மனசுக்குள்ள பாடிக்கிட்டே கேளுங்க, மொத்தம் முப்பத்திரண்டு வரும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணினேன். முதல்நாள் பன்னிரண்டில் தவறிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, சாக்ஸபோன் எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சரியாக என் 32-இல் வந்து இறங்கியது. நான் மனசுக்குள் பாடிய மெட்டின் முதல் சுரமும் அவருடைய அடுத்த சுற்றும் ஒன்றாகக் கிளம்பின. நாற்பது வருடம் தாமதமாக அண்ணன் கடிதம் எனக்கு வந்து சேர்ந்தது. எந்த இடம் பிடித்தது என்று இப்போது அவரிடம் சொல்ல முடியும். கேட்கத்தான் அவர் இல்லை.

அதனால்தான் எனக்கு 'கண்டபடி' என்ற சொல்லும் பிடிக்கவில்லை, 'எல்லாம் நம்மிடம் இருக்கிறது' என்ற சொல்லும் பிடிக்கவில்லை. இசையைப் பற்றி மட்டும் அல்ல. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எதையாவது ஆசையாகக் கொண்டுவந்து நம் முன் வைக்கும்போது நாம் சொல்வது இந்த இரண்டில் ஒன்றுதான். ஒன்று திட்டு, இல்லையென்றால் 'இது எங்களுக்கு அப்பவே தெரியும்'. இரண்டுக்கும் பிறகு அவர்கள் கொண்டுவருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

பிடிக்காமல் போகலாம். அது உங்கள் உரிமை. ஆனால் தீர்ப்பு எழுதும் முன் கோப்பைப் படிக்க வேண்டும் என்பது நம் உத்தியோகத்தின் பாலபாடம். மூன்று சுற்று, சுற்றுக்கு 32 கட்டம், விரல்விட்டு எண்ணுங்கள். நாலு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு திட்டுங்கள், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.